றுவைஸ் கேட்ட தமிழ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்ல முன்னம் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டிலும் இந்தப் பேர்தான், அலுவலகத்திலும் இந்தப் பேர்தான். ஆனால் வேலை என்று வந்தால் ஒரு குறை சொல்ல ஏலாது. "கஜந்தி அடிச்சால் பிழை வராது" என்று எங்கள் மீனவர் சங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொல்ல மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன்.

எங்கள் அலுவலகம் உட்துறைமுக வீதியிலிருந்து இறங்குதுறைக்குப் போகிற ஒழுங்கையில் இருக்கிறது. ஐஸ் எப்போது வரும், எண்ணெய் எங்கே கிடைக்கும், காற்று எப்படி, கூட்டம் எந்த நாள் என்று சங்கத்திலிருந்து போகிற அத்தனை அறிவித்தல்களையும் கொம்பியூட்டரில் தமிழில் அடிப்பது நான்தான். அடித்ததைப் பொதுக் கோப்புறையில் போட்டுவிடுவேன். பக்கத்து அறையில் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் இருப்பவர் தன்னுடைய கொம்பியூட்டரில் அதைத் திறந்து, கடலில் நிற்கிற படகுகளுக்கு வாசிப்பார். முந்தி அந்தக் கதிரையில் இருந்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் றுவைஸ் வந்தான்.

கிண்ணியாப் பிள்ளை. படித்து முடித்தவன். நல்ல கனத்த குரல். செட்டில் பேசினால் காற்று இரைச்சலுக்குள்ளும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். கண் இரண்டும் பிறந்ததிலிருந்தே தெரியாது. காலையில் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி வந்து, பஸ் நிலையத்தில் இறங்கி, வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு தனியே நடந்து வருவான். எங்கள் ஊர் வீதிகளில் மாடுபோலப் படுத்திருக்கிற மான்கள்கூட அவனுக்கு விலகிக் கொடுக்கும். எங்களுக்கு அதுகள் ஒருநாளும் விலகினதில்லை.

அவனை எடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் எங்கள் முகாமையாளர் பாக்கியரத்தினம் சேர். தலைவர் அபூதாஹிர் ஹாஜியாருக்குத்தான் மனம் வரவில்லை. கூட்டத்தில் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"பாவம் பாக்கிற இடம் இது இல்ல சேர். அறிவித்தல் ஒரு சொல்லுப் பிசகினா கடல்ல நிக்கிறவன்ட உசிரு. வாசிக்க ஏலாத ஒருவர அந்தக் கதிரையில எப்பிடி இருத்திற?"

அவரைக் குறை சொல்லவும் ஏலாது. அவருடைய இரண்டு மகன்மாரும் படகில் போகிறவர்கள். கடைசியில் மூன்று மாதம் பார்ப்போம், பிறகு நிர்வாகசபை நேரில் வந்து பார்த்து முடிவெடுக்கும் என்று தீர்ந்தது. வாசிக்க முடிந்தால் வேலை நிரந்தரம். முடியாவிட்டால் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் நாள் அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொம்பியூட்டரின் முன்னால் இருந்தான். என்ன ஏது என்று விடுப்புப் பார்க்காமல் எனக்கு இருக்க ஏலுமா? போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, உமக்கு இது எப்பிடி வாசிக்கும்?"

"இதுக்குள்ள ஒரு புரோகிராம் இரிக்கி அக்கா. ஸ்கிரீன் ரீடர். நான் வேர்டைத் திறந்தா, ரீடர் வேர்டுக்கிட்ட போய், இந்த வரியில என்ன இரிக்கி எண்டு கேக்கும். வேர்ட் சொல்லும். அத ரீடர் வந்து என்ட காதுல சொல்லும். கொம்பியூட்டருக்குள்ள இரிக்கிற எல்லாம் இப்பிடி ஒண்டுக்கு ஒண்டு கேட்டுக் கேட்டுத்தான் வேல செய்யிற."

"அப்ப அதுகள் தங்களுக்குள்ள கதைச்சுக்கொள்ளுதுகளோ! இந்தக் கந்தோரில மனிசரே கதைச்சுக்கொள்ளிறேல்ல."

அவன் சத்தமாகச் சிரித்தான். பிறகு அன்று நான் அடித்த அறிவித்தலைத் திறந்தான். சிரிப்பு நின்றது. ஒரு வரி கீழே போனான், ஒரு வரி மேலே வந்தான். புருவம் நெரிந்தது.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்ல அக்கா. தமிழா வரல்ல. ஏதோ இங்கிலீஷ் எழுத்துமாதிரி என்னமோ சொல்லுது. ஒரு வசனமும் வெளங்கல்ல."

திரையைப் பார்த்தேன். என்னுடைய எழுத்து, முத்து முத்தாக, தமிழில்தான் இருந்தது. கருமம் பிடித்த பழைய கொம்பியூட்டர், அதுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவனுடைய போனில் வருகிற தமிழ்ச் செய்தியெல்லாம் அழகாகப் பேசுகிறது, இது மட்டும் ஏன் இப்படி என்று யோசிக்க எனக்கு அப்போது பொறுமை இருக்கவில்லை. செட்டில் படகுக்காரர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

"விடும் தம்பி. நான் வாசிக்கிறன், கேளும்."

காதுக்குப் பக்கத்தில் குனிந்து வாசித்தேன். ஒரு தரம்தான். அவன் செட்டை அமத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னான். அந்த நேரம் பார்த்து வாசலால் போன பாக்கியரத்தினம் சேர் நின்று கேட்டார். அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும்! அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. றுவைஸ் வாயைத் திறக்கப் போனான். சொல்ல வேண்டாம் என்று நான் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிப் போனது. அடிப்பேன், கோப்புறையில் போடுவேன், எழும்பிப் போய் அவன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசிப்பேன். அவன் முதலில் ஒவ்வொரு நாளும் தானே திறந்து பார்ப்பான். ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்பான். பிறகு தலையை என் பக்கம் சரிப்பான். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் போய் ஊர்க்கதை கதைப்பதுபோல இருக்கும்.

"கஜந்தி, அந்தப் பொடியனை வேலை செய்ய விடும். சும்மா கதைச்சுக் குழப்பாதையும்" என்று சேர் என்னை ஏசினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன செய்வது? முதல் தடவையாக ஏச்சை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

றுவைஸ் நல்ல பிள்ளை. வாரத்தில் ஒருநாளாவது கிண்ணியாத் தயிர் ஒரு சட்டி கொண்டுவந்து என் மேசையில் வைப்பான். "உம்மா தந்துவிட்ட அக்கா" என்பான். என்னுடைய சாப்பாட்டில் ஒரு பங்கு அவனுக்குப் போகும். அவனுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்றும், வேலை நிரந்தரமானால்தான் பெண் வீட்டார் ஓம் சொல்வார்கள் என்றும் ஒருநாள் சொன்னான். ரிஸ்லா என்று பேர். பேரைச் சொல்லும்போதே அவனுக்கு முகம் சிவந்தது.

இப்படியே மூன்றாம் மாதம் வந்துவிட்டது. ஈச்சிலம்பற்றில் இருக்கிற என் தங்கைக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது, பக்கத்தில் இருக்க ஆளில்லை என்று நான் லீவு கேட்டேன். சேர் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுத் தந்தார். "நீர் போயிட்டு வாரும். நிர்வாகசபையும் அந்தக் கிழமைதான் றுவைஸைப் பாக்க வருகுது. இங்க ஒரு பிரச்சினையும் இராது" என்றார்.

லீவு கிடைத்த சந்தோசப் புளுகத்தில் நேரே போய் றுவைஸிடம் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கின அவன் கை அப்படியே நின்றது.

"அப்ப ஆரு அக்கா வாசிக்கிற?"

எனக்குக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. அட, இதை நான் யோசிக்கவே இல்லையே!

"நான் லீவை மாத்திறன்."

"வேணாம் அக்கா. ஒங்கட தங்கச்சிக்கு ஆளில்ல. நாம சேருக்கிட்ட உண்மையச் சொல்லுவம்."

"உமக்கென்ன விசரோ? இவ்வளவு நாளும் நீர் வாசிக்கேல்ல எண்டு தெரிஞ்சால், ஹாஜியார் அந்த நிமிசமே உம்மை அனுப்பிப்போடுவார். கலியாணமும் போச்சு, எல்லாம் போச்சு!"

அவன் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான். "கோவிக்காதீங்க அக்கா. நீங்க வாசிக்கிறது எனக்குப் பெரிய உதவி. ஆனா நீங்க வாசிக்கிறதாலதான், இங்க ஒரு பிழ இரிக்கி எண்டு ஆருக்கும் தெரியாமப் போச்சு. ஒங்கட தொண்டயும் எத்தின நாளைக்குத் தாங்கும்? நான் வேலைக்கு வந்தது நானா வாசிக்க. ஒங்கள வாசிக்க வைக்க இல்ல."

எனக்கு வந்ததே கோபம்! நான் இவனுக்காக ஏச்சு வாங்குகிறேன், இவன் எனக்கே குறை சொல்கிறான். பதில் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் நிலையம் வரைக்கும் மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டுதான் நடந்தேன். பஸ் வரப் பிந்தியது. பஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க, கோபம் போய்விட்டது. பிள்ளை சொன்னதில் என்ன பிழை? பிழையைத் திருத்துகிற வழியைத் தேடாமல், அதற்கு மேலே ஏறி இருந்துகொண்டு வாசித்தது நான்தானே. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவனுடைய வேலைக்கே நான் உலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பஸ் நிலையத்துக்கு எதிரில் துவாரகனின் கொம்பியூட்டர் கடை இருக்கிறது. என் பென்டிரைவில் அன்றைய அறிவித்தல் இருந்தது. எழும்பிப் போய் அவனிடம் நீட்டினேன்.

"துவாரகன், இதைத் திறந்து பாரும். எங்கட றுவைஸின்ர ரீடர் இதை வாசிக்குதில்ல. உளறுது."

அவன் திறந்து பார்த்தவுடன் கேட்டான். "என்ன எழுத்துருவில அக்கா அடிக்கிறனீங்கள்? பாமினியோ?"

"ஓம், பாமினிதான். வேறென்ன? நான் பழகின நாளில இருந்து அதுதான்."

அவன் சிரித்துக்கொண்டு, முழுவதையும் நீலமாக்கி, எழுத்துருவைச் சாதாரண ஒன்றுக்கு மாற்றினான். என் கண் முன்னால் என் தமிழ் முழுக்க மறைந்து போனது. திரை நிறைய இங்கிலீஷ் எழுத்து. சின்ன எழுத்து, பெரிய எழுத்து, நடுவில் அரைப்புள்ளி, பிறைக் குறி. ஒரு அர்த்தமும் இல்லை.

"அடப் பாவி! என்ர அறிவித்தலை அழிச்சுப்போட்டீரே!"

"அழிக்கேல்ல அக்கா. நீங்கள் அடிச்சதே இதுதான். நீங்கள் 'க' எண்டு நினைச்சு அமத்தேக்க, கொம்பியூட்டர் இங்கிலீஷ் எஃப் எண்டுதான் எழுதி வைக்குது. பாமினி அதுக்கு மேல 'க' எண்டு ஒரு படத்தைக் கீறிக் காட்டுது. எங்கட கண் படத்தைப் பாக்குது. ஆனா ரீடர் வந்து வேர்டிட்ட கேக்கேக்க, வேர்ட் படத்தைக் குடுக்காது. உள்ள என்ன எழுதியிருக்கோ அதைத்தான் குடுக்கும். ஒரு புரோகிராமுக்கும் இன்னொண்டுக்கும் இடையில போறது அதுதான்."

நான் முதல் வரியைப் பார்த்தேன். "கடல்" என்று தொடங்கியிருந்தேன். அந்த இடத்தில் எஃப், எல், வை, ஒரு அரைப்புள்ளி. எனக்கும் அந்தளவு இங்கிலீஷ் தெரியும். நான் கடல் என்று அடிக்க, அந்தப் பிள்ளையின் காதில் "ஃப்ளை" என்று விழுந்திருக்கிறது. பற! அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதுவுமில்லை, வெறும் குப்பை.

துவாரகனின் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். ஒவ்வொரு காலையும் அவன் தானே திறந்து, இந்தக் குப்பையை ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் என் பக்கம் தலையைச் சரித்திருக்கிறான். இன்றைக்காவது சரிவரும் என்று நினைத்திருப்பான். கொம்பியூட்டருக்குப் பேய் என்று சொன்னேனே, குப்பையை எழுதியது என்னுடைய விரல்!

"இதுக்கு ஏன் அக்கா அழுறீங்கள்? யூனிகோட்டில அடிச்சால் சரி."

"இந்த வயசில நான் புதுசாத் தட்டச்சுப் பழகவோ?"

"பழகத் தேவையில்ல. பாமினிக்கு அமத்திற அதே கட்டைகளை அமத்துங்கோ. உள்ள மட்டும் உண்மையான தமிழ் எழுத்து போய் விழும். அதுக்கு ஒரு சின்னப் புரோகிராம் இருக்கு. அடிக்கத் தொடங்க முன்னம் மேல ஒரு பொத்தானை அமத்தினால் அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

அடுத்த நாள் பின்னேரம் சேர் வங்கிக்குப் போன நேரம் துவாரகன் வந்து அதை என் கொம்பியூட்டரில் போட்டுத் தந்தான். றுவைஸ் அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டான். நான் முன்தினம் கோபித்துக்கொண்டு போனதால் அன்று முழுக்க, வாசித்துக் கொடுத்ததைத் தவிர, இரண்டு பேரும் சரியாகக் கதைக்கவும் இல்லை. பரவாயில்லை, காலையில் வந்தவுடன் முதல் வேலையாக அவனுக்கு அடித்துக் காட்டி, அவனுடைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இரவு சோறு கறி ருசியாகத்தான் இருந்தது.

காலையில் வந்தால், வாசலில் ஹாஜியாரின் கார் நிற்கிறது.

அடுத்த கிழமை வருவதாக இருந்தவர், கொழும்புக்குப் போக வேண்டி வந்ததால் முந்தியே வந்துவிட்டாராம். கூடவே நிர்வாகசபையில் இன்னும் இரண்டு பேர். செட் அறையில் றுவைஸின் கதிரைக்குப் பின்னால் மூன்று பேரும் வரிசையாக நிற்கிறார்கள். பாக்கியரத்தினம் சேர் பெருமையோடு பக்கத்தில் நிற்கிறார். நான் றுவைஸிடம் ஒரு சொல் சொல்ல முன்னம் சேர் என் கையில் ஒரு கடதாசித் துண்டைத் திணித்தார்.

"காத்து அறிவித்தல் இப்பதான் போனில வந்தது. கெதியா அடிச்சுப் போடும். ஹாஜியார் பாக்கட்டும்."

பின்னேரத்துக்குப் பிறகு காற்று கூடும், குச்சவெளிக்கு வடக்கே போன படகுகள் அதற்கு முன் திரும்ப வேண்டும் என்பது செய்தி. ஓடிப் போய் என் கதிரையில் இருந்தேன். வழக்கமான வேகத்தில் அடித்து முடித்து, கோப்புறையில் போட்டுவிட்டு, செட் அறை வாசலில் வந்து நின்றேன்.

றுவைஸ் கோப்பைத் திறந்தான். ஹெட்போனில் கேட்டான். புருவம் நெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, மேலே இருக்கிற பொத்தானை அமத்தவில்லை! பழக்க தோசத்தில் பழைய பாமினியிலேயே அடித்துப் போட்டிருக்கிறேன்.

கால் தானாகப் போனது. அவன் பக்கத்தில் போய், ஏதோ எடுக்கிறவள்போலக் குனிந்தேன். இரண்டு வரிதான், காதுக்குள் சொல்லிவிட்டால் முடிந்தது, ஒருவருக்கும் தெரியாது. அவன் கையை உயர்த்தி என்னைத் தடுத்தான்.

"வேணாம் அக்கா."

சொல்லிவிட்டு ஹெட்போன் வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினான். அவ்வளவுதான், காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது அறை முழுக்கக் கேட்டது. "ஃப்ளை... எஃப்... டபிள்யூ..." என்று, வாயில் கல்லைப் போட்டுக் குதப்புவதுபோல அந்த மெஷின் குரல் வேகமாக உளறிக்கொண்டே போனது. நிர்வாகசபைக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்ன பாஷ இது?" என்று கேட்டார் ஹாஜியார்.

"கஜந்தி அக்கா அடிச்ச அறிவித்தல் இது ஹாஜியார்" என்றான் றுவைஸ். குரலில் நடுக்கம் இல்லை. "ஸ்கிரீன்ல ஒங்களுக்குத் தமிழ் தெரியிது. எனக்கு இதுதான் வார. வந்த நாளில இருந்து இதுதான் வார. அக்கா பாவம் பாத்து எனக்கு வாசிச்சுத் தந்த. நான் கேட்டுச் சொன்ன. நானா வாசிச்சது இல்ல. உண்மையச் சொல்லாம இந்தக் கதிரையில இரிக்க எனக்கு ஏலா."

பாக்கியரத்தினம் சேரின் முகம் கறுத்துவிட்டது. "கஜந்தி, இவ்வளவு நாளும் நீர் வாசிச்சதோ?" என்று கேட்டார். கோபத்தைவிட அதில் மனவருத்தம்தான் கூட. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்த நேரம் செட் கரகரத்தது. "சங்கம், சங்கம், காத்துச் செய்தி ஏதும் வந்ததோ? குச்சவெளி தாண்டி நிக்கிறம், சொல்லுங்கோ."

"மகள், நீங்களே வாசிங்க" என்றார் ஹாஜியார் என்னைப் பார்த்து. "கடல்ல இரிக்கிறவங்கள வச்சிட்டு நாம கதச்சிக்கிட்டு நிக்க ஏலா."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"காத்து பின்னேரம்தான் ஹாஜியார். எனக்கு ஒரு நிமிசம் தாங்கோ. பிழை அவரில இல்ல, ரீடரிலயும் இல்ல. என்ர எழுத்தில. ஒரே ஒரு நிமிசம். அதுக்குப் பிறகு நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் நான் வாய் திறக்கமாட்டன்!"

பதிலுக்கு நிற்கவில்லை. ஓடிப் போய்ப் பொத்தானை அமத்தினேன். அமத்தினதை இரண்டு தரம் பார்த்து உறுதிப்படுத்தினேன். அதே விரல், அதே கட்டை, அதே சொல். அடித்து முடித்துக் கோப்புறையில் போட்டுவிட்டு, "தம்பி, திறவும்!" என்று இருந்த இடத்திலேயே கத்தினேன்.

றுவைஸ் திறந்தான். வயரைத் திரும்பச் செருகவில்லை. ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அந்த மெஷின் குரல், கொஞ்சம் மூக்கால், ஆனால் தெளிவாகச் சொன்னது: "கடல் தொழிலாளர் கவனத்துக்கு. இன்று பின்னேரத்துக்குப் பிறகு காற்றின் வேகம் கூடும்."

நான் ஓடி வந்து பார்த்தபோது அவன் வாயைத் திறந்தபடி இருந்தான். வரியைத் திரும்ப மேலே கொண்டுபோய், முதல் சொல்லை மட்டும் மறுபடி கேட்டான். "கடல்" என்றது. இன்னொரு தரம் கேட்டான். "கடல்" என்றது. அதற்குப் பிறகுதான் செட்டை அமத்தினான். கடைசி வரி வரைக்கும் கேட்டுக் கேட்டுத் தானே சொன்னான். நான் கையிரண்டையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றேன்.

"ஓம், விளங்கிட்டுது. வலையை எடுத்துக்கொண்டு திரும்பிறம்" என்று கடலில் இருந்து பதில் வந்தது.

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கு அவரைத் தெரியும். லேசில் நம்புகிற ஆள் இல்லை. இந்த இரண்டு வரியையும் நான் முந்தியே சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. கூட வந்த இருவரையும் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். ஏதோ மெதுவாகக் கதைத்தார்கள். பிறகு அவர் என்னைக் கையால் கூப்பிட்டு, என் மேசைக்கே வந்து, றுவைஸுக்குக் கேட்காதபடி குனிந்து சொன்னார்.

"நான் சொல்றத அடிங்க மகள். அவன் தானா வாசிச்சுச் சத்தமாச் சொல்லட்டும். பாப்பம்."

அவர் சொல்லச் சொல்ல எனக்குத் திரை மங்கத் தொடங்கியது. கண்ணைத் துடைக்கக் கை ஓயவில்லை. எழுத்தைப் பார்க்காமலே அடித்து முடித்துக் கோப்புறையில் போட்டேன்.

ஹாஜியார் செட் அறைக்குத் திரும்பிப் போனார். "புதுசா ஒண்டு வந்திரிக்கி தம்பி. வாசிங்க."

றுவைஸ் இந்த முறை ஹெட்போனைச் செருகிக்கொண்டுதான் திறந்தான். கேட்டான். மறுபடி முதலிலிருந்து கேட்டான். கீழுதட்டைக் கடித்துக்கொண்டான்.

"என்ன, வாசிக்க ஏலாதோ?" என்று பாக்கியரத்தினம் சேர் பதறிப்போய்க் கேட்டார். அவருக்கு நான் என்ன அடித்தேன் என்று தெரியாது.

"ஏலும் சேர்." றுவைஸ் தொண்டையைச் செருமினான். "'றுவைஸ், இந்த வேலை இனி உங்களுக்குத்தான். கடலில் நிற்பது என்னுடைய இரண்டு மகன்மார். கவனமாகச் சொல்லிக் கொடுங்கள்.'"

சேர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியைத் தேடினார். ஹாஜியார் வந்து றுவைஸின் தோளில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அழுகை ஒரு பக்கம், சந்தோசம் ஒரு பக்கம். ஈச்சிலம்பற்றுக்கு இனி நிம்மதியாகப் போகலாம். நானில்லாமல் அவன் வாசிப்பான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. அதற்குள் அவன் முகத்தை என் பக்கம் திருப்பினான். கண்ணோரத்தில் ஈரம், உதட்டில் சிரிப்பு.

"கஜந்தி அக்கா, ஒரு சந்தேகம்."

"என்ன தம்பி?"

"ஹாஜியாருக்கு ரெண்டு மகனா, நாலு மகனா? 'மகன்மார் மகன்மார்' எண்டு ரெண்டு தரம் அடிச்சிரிக்கிறீங்க. நான்தான் ஒண்ட விட்டுட்டு வாசிச்ச."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்தார். இந்த அலுவலகத்தில் என் எழுத்தில் பிழை பிடித்த முதல் ஆள் அவன்தான், அதுவும் தானே வாசித்து. நான் போய் அந்தப் பிழையைத் திருத்தினேன்.